எஸ்டிலின் சோடா மிஷினும் என் கால் டாலரும்

எஸ்டில் நேப்பியரை எனக்கு ஆறு வயதிலிருந்து தெரியும். அதில் ஐம்பத்தெட்டு வருடம் அவனைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இருந்ததில்லை. மெதுவாகப் பேசுகிறவன், மெதுவாக நடக்கிறவன், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறவன், அவ்வளவுதான். இப்போது மூன்று வருடமாக, காலையில் சமையலறையில் காபி போடும்போதெல்லாம் ஜன்னல் வழியாக எதிர்ச் சரிவில் இருக்கும் அவன் கொட்டகையைப் பார்க்கிறேன். அந்தச் சமையலறை இன்னும் என்னுடையதாக இருக்கிறதென்றால் அதற்கு அவன்தான் காரணம். இதை அவன் முகத்துக்கு நேரே சொன்னால் கழுத்துவரை சிவந்து போவான். அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பெப்பர் ஓடை. கென்டக்கி மலைகளில் இரண்டுக்கு நடுவே ஒரு ஓடை, அதை ஒட்டி ஒரு சாலை, சாலையை ஒட்டி நாங்கள். எஸ்டில் பத்தொன்பது வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போனான். இருபத்துநான்கு வருடம் அங்கே மின்சார வேலை. சுரங்கத்தை மூடியபோது அவனுக்கு மிஞ்சியது பாதி நுரையீரலும் ஒரு பெட்டி ஸ்க்ரூ டிரைவரும்தான். அவனோடு வேலை பார்த்தவர்கள் ஒஹாயோவுக்கு, கார் தொழிற்சாலைகளைத் தேடிப் போய்விட்டார்கள். இவன் போகவில்லை. மச்சானின் மூடிக் கிடந்த பெட்ரோல் பங்கிலிருந்து ஒரு பழைய சோடா மிஷினைத் தள்ளுவண்டியில் இழுத்துக்கொண்டு வந்தான். ஆள் உயரம், தக்காளிச் சிவப்பு, உள்ளே எலிக்கூடு. 1956இல் செய்தது. பத்து சென்ட் போட்டால் ஒரு பாட்டில் விழும்; கால் டாலர் போட்டால் மீதிச் சில்லறை கீழே ஒரு கிண்ணத்தில் வரும். நான்கு மாதம் அதோடு மல்லுக்கட்டினான். ஐந்தாவது மாதம் அது குளிர்ந்தது.

அப்புறம் இதுவே அவன் பிழைப்பாகிவிட்டது. லெக்சிங்டனிலிருந்தும் சின்சினாட்டியிலிருந்தும் வசதியான ஆட்கள் வண்டிக்குப் பின்னால் பழைய மிஷின்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். வீட்டு கராஜில் வைத்து அழகு பார்க்க. எல்லோரும் கேட்பது ஒன்றேதான்: காசு போடாமலே பாட்டில் வர வேண்டும்.

"ரெண்டு கார் வச்சிருக்கான், ஒரு படகு வச்சிருக்கான். பையில பத்து சென்ட் இல்ல பாரு," என்பான் எஸ்டில், அவர்கள் காதில் விழும்படியே. அவர்களும் சிரிப்பார்கள்.

வேலை என்னவோ சின்னதுதான். காசு உள்ளே விழுந்தால் ஒரு சரிவுப் பாதையில் உருண்டு, பூனை மீசை போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியைத் தட்டும். கம்பி சுவிட்சைத் தட்டும். மோட்டார் ஓடும், பாட்டில் விழும். காசுப் பாதையைக் கழற்றிவிட்டு, சுவிட்சுக்குப் போகும் இரண்டு வயரையும் ஒரு பட்டனில் மாட்டினால் முடிந்தது. மற்றவர்கள் இதை அரை மணியில் செய்துவிடுவார்கள். கதவில் ஒரு துளை போட்டு, வயரை வெட்டி, பட்டனைத் திருகிவிட்டுப் போவார்கள். எஸ்டிலுக்கு இரண்டு நாள் ஆகும். ஏனென்றால் அவன் ஒரு துளைகூடப் போட மாட்டான். ஒரு வயரைக்கூட வெட்ட மாட்டான். இருக்கிற துளையில்தான் பட்டன் உட்கார வேண்டும். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் துடைத்து, ரொட்டி வரும் பிளாஸ்டிக் பையில் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதி, கதவின் உள்பக்கம் கட்டித் தொங்கவிடுவான்.

"யாருக்கு இதெல்லாம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பின்னாடி எவனாவது பழையபடி ஆக்கணும்னு நினைப்பான். அவன் என்னைத் திட்டக் கூடாது."

இருக்கிறவர்கள் திட்டுவதையே நான் சட்டை செய்கிறவள் இல்லை. பிறக்காதவன் திட்டுவதற்கு ஒருத்தன் பயப்படுகிறானே என்று அன்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூலையில், ஒரு வியாழக்கிழமை விடியற்காலை, ஓடை என் வீட்டுக்குள் வந்தது. நெஞ்சளவு தண்ணீர். மாடியில் உட்கார்ந்து உயிர் பிழைத்தேன். மாலைக்குள் தண்ணீர் வடிந்துவிட்டது, சேறு வடியவில்லை. வெள்ளம் புகுந்த வீட்டுக்குப் பத்து நாள்தான் கெடு. அதற்குள் சுவர்ப் பலகைகளைப் பிரித்து, குளிர் தாங்க உள்ளே அடைத்திருக்கும் பஞ்சை ஈரத்தோடு பிடுங்கிப் போட்டு, மரச் சட்டத்தைக் காய விட வேண்டும். விட்டால் பூஞ்சணம் ஏறி, வீட்டை இடிப்பதைத் தவிர வழியிருக்காது. நான் அறுபத்துநான்கு வயது விதவை. என் கணவன் கட்டிய வீடு அது. நான் ஒருத்தியாக ஒரு சுவரைக்கூட முழுதாகப் பிரிக்க முடியாது என்பது எனக்கே தெரியும்.

என் மகள் ரோண்டா ஒஹாயோவில் டேட்டன் நகரத்திலிருந்து போன் செய்தாள்.

"அம்மா, சர்ச்சுல ஆளுங்க இருக்காங்களே, கூப்பிடேன்."

"அவங்களுக்கு வேற வேலை இருக்கு. என்னை விட மோசமா போனவங்க எத்தனை பேர்."

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள சுவரைப் பிரிக்கலைன்னா வண்டி எடுத்துட்டு வந்து உன்னை இங்க கூட்டிட்டு வந்துடுவேன். வீடு போனா போகட்டும்."

"நான் என்ன மூட்டையா, தூக்கிட்டுப் போக?"

"பேசிட்டே இரு," என்று வைத்துவிட்டாள். பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பெப்பர் ஓடையில் யாரும் உதவி வாங்க மாட்டோம். கொடுப்போம், கொடுப்பதில் குறை வைக்க மாட்டோம். வாங்கச் சொன்னால் மட்டும், 'என்னை விட மோசமாக இருப்பவர்களுக்குக் கொடுங்கள்' என்போம். எங்கள் சர்ச் பாஸ்டர் பிரதர் லோனி, டென்னஸியிலிருந்து உதவிக்கு வந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கார்லண்ட் பெரியவர் வீட்டுக்குப் போங்கள் என்றேன். எண்பத்தொரு வயது கார்லண்ட், 'ஓபல் ஒண்டிக்கட்டை, அங்கே போங்கள்' என்று என்னிடமே திருப்பி அனுப்பினார். பாவம் பிரதர் லோனி, சேற்றில் இரண்டு நாள் எங்களுக்கு நடுவே நடந்ததுதான் மிச்சம். கடப்பாரைகள் சர்ச் வாசலில் சாத்தியபடியே இருந்தன.

திங்கட்கிழமை எஸ்டில் தன் சொந்த மிஷினை, அந்தத் தக்காளிச் சிவப்பை, சர்ச் முற்றத்தில் இறக்கி ஜெனரேட்டரில் மாட்டினான். அவன் கொட்டகை சரிவில் மேலே இருப்பதால் தண்ணீர் தொடவில்லை. காசுப் பாதையைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு, பட்டனை மாட்டியிருந்தான். உள்ளே எங்கள் பக்கத்துப் பச்சைப் பாட்டில் இஞ்சி சோடா, சில்லென்று. காசு போடும் துளையின் மேல் ஒரு தாளை ஒட்டி, 'காசு வேண்டாம், பட்டனைத் தட்டவும்' என்று எழுதியிருந்தான். குழாயில் தண்ணீர் இல்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது. இருந்தும் டென்னஸிக்காரர்கள்தான் குடித்தார்கள். எங்கள் ஆட்களில் ஒருவரும் அந்தப் பக்கமே போகவில்லை.

மதியம் நான் போனேன். காலையிலிருந்து ஒற்றை ஆளாக ஒரு சுவரோடு போராடி, தலை சுற்றியது. ஆனால் ஓசியில் குடிப்பதா? மேல்சட்டைப் பையில் ஒரு கால் டாலர் இருந்தது. தாளை ஒரு ஓரமாகக் கிழித்து, காசைத் துளையில் தள்ளிவிட்டுப் பட்டனைத் தட்டினேன்.

உள்ளே எதுவோ 'கர்ர்ர்' என்றது. பிறகு சத்தமே இல்லை. எனக்குப் பின்னால் பதினைந்து பேர் சேற்றுக் கையோடு நின்றார்கள்.

எஸ்டில் வந்தான். கிழிந்த தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ஓபல், இதுல என்ன எழுதியிருக்கு?"

"எனக்குப் படிக்கத் தெரியும்."

"தெரிஞ்சும் போட்டியா?"

"எங்க வீட்ல ஓசில குடிச்சுப் பழக்கமில்ல."

அவன் கதவைத் திறந்து, மண்டியிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தான். பாதை கழற்றியிருந்ததால் காசு நேராக உள்ளே விழுந்திருக்கிறது.

"மோட்டாருக்கும் தகட்டுக்கும் நடுவுல போய் உக்காந்திருக்கு. எந்தப் பக்கம் தள்ளினாலும் அசைய மாட்டேங்குது. உன் காசுதான், சந்தேகமே இல்ல."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவனுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்தப் பதினைந்து பேரும் வெந்நீராகிப்போன பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சாலைச் சேற்றை வாரப் போனார்கள். உதவ வந்தவர்களின் வாயில் விழ வேண்டியதையும் கெடுத்தவள் என்ற பெயர்தான் மிச்சம். காசு வெளியே வந்ததும் கையை நீட்டினேன்.

"குடு, போறேன்."

"குடுக்க முடியாது."

"என் காசு எஸ்டில்."

"மிஷினைக் கெடுத்த காசு. என்கிட்ட இருக்கட்டும்."

வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று இஞ்சி சோடாவும் குடிக்கவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. படியில் உட்கார்ந்து அழுதேன். வீடு போகப் போகிறது என்று அப்போதுதான் எனக்கு உண்மையாகவே உறைத்தது.

மறுநாள் சர்ச் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கோபம் ஆறாவிட்டாலும் கால் போய்விட்டது. மிஷினுக்கு முன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் வரிசையாக நின்றார்கள். எங்கள் ஊர்க்காரர்கள்! எஸ்டில் ஒரு காபி டப்பாவை வெட்டி, வளைத்து, புதிதாக ஒரு காசுப் பாதை செய்து உள்ளே மாட்டியிருந்தான். போட்ட காசு உருண்டு, கம்பியைத் தட்டி, பாட்டிலை விழ வைத்துவிட்டு, பெட்டிக்குள் போகாமல் கீழே இருக்கும் சில்லறைக் கிண்ணத்துக்கே திரும்பி வரும்படி. பட்டனைக் கழற்றிவிட்டான். தாளில் புதிதாக எழுதியிருந்தான்: 'ஓபலின் காசு. எடுத்துப் போடவும். குடிக்கவும். காசைப் பின்னால் வருபவருக்கு விட்டுவிடவும்.'

பிரதர் லோனி கையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர்கூட வாங்காத கார்லண்ட், கிண்ணத்திலிருந்து என் கால் டாலரை எடுத்தார். துடைத்தார். போட்டார். பாட்டில் விழுந்தது, காசும் டங்கென்று கிண்ணத்தில் விழுந்தது. எங்கள் மலைப்பக்க வழக்கப்படி பாட்டிலுக்குள் ஒரு கை வேர்க்கடலையைக் கொட்டி, நுரை பொங்கப் பொங்கக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்.

"நன்றி ஓபல்."

"அது எஸ்டிலோட சோடா."

"காசு யாரோடது?"

அன்று முழுக்க, அடுத்த நாளும், ஊரே என் காசைப் போட்டுக் குடித்தது. போகிற வருகிறவர்களெல்லாம் எனக்கு நன்றி சொன்னார்கள். சும்மா வாங்குவதாக யாருக்கும் தோன்றவில்லை; கையால் ஒன்றைப் போட்டார்கள், ஒன்று வந்தது. நானும் என் காசைப் போட்டு ஒன்று குடித்தேன். இத்தனை வயதில் அவ்வளவு ருசியாக எதையும் குடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். கார்லண்ட், கையில் கடப்பாரையோடு. பின்னால் பதினெட்டு பேர்.

"பெரியவரே, உங்க வீடே சேறா கிடக்கு. இங்க எதுக்கு வந்தீங்க?"

"உன் காசுல ஏழு பாட்டில் குடிச்சிருக்கேன். குடிச்சிட்டுச் சும்மா போறவன் நான் இல்ல. எந்தச் சுவர்ல ஆரம்பிக்கட்டும்?"

பின்னால் நின்ற ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். நான் மூன்று, நான் நான்கு, நான் பத்து. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என்னவென்று சொல்வது? அவர்கள் உதவ வரவில்லை, எனக்குச் சேர வேண்டியதைக் கொடுக்க வந்திருக்கிறார்கள். வழியை விட்டு ஒதுங்கி நின்றேன். "சமையலறையிலிருந்து ஆரம்பிங்க," என்றேன்.

மதியத்துக்குள் என் சுவர்கள் பிரிந்தன. மாலையில் அதே கூட்டம் கார்லண்ட் வீட்டுக்குப் போனது. அவர் தடுத்துப் பார்த்தார், நான் விடவில்லை. சர்ச் அடுப்பில் பீன்ஸும் சோள ரொட்டியும் செய்து நானே தூக்கிக்கொண்டு போனேன். சனிக்கிழமை ரோண்டா வந்தபோது வீடு வெறும் மரச் சட்டமாக நின்றது, ஜெனரேட்டரில் நான்கு மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன, நான் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து இஞ்சி சோடா குடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, யாரு இவங்கல்லாம்?"

"என் காசுல குடிச்சவங்க."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. திங்கட்கிழமை தனியாகத்தான் டேட்டனுக்குத் திரும்பினாள்.

பிறகு ஒரு நாள் எஸ்டில் கொட்டகைக்குப் போய் நேராகவே கேட்டேன். "எல்லாம் யோசிச்சுத்தான் பண்ணினியா? எங்க கத்துக்கிட்ட இந்தத் தந்திரத்தை?"

அவன் வழக்கமான ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டான். "உன்கிட்டதான்."

"என்கிட்டயா?"

"சுரங்கம் மூடின வருஷம். என் பொண்ணு ஸ்கூல்ல ஓசி மதியச் சாப்பாட்டுக்கு வரிசையிலயே நிக்க மாட்டாளாம். நீ கூப்பிட்டு, மேஜை துடைக்க ஆள் இல்லம்மா, எனக்குக் கொஞ்சம் உதவி பண்ணுன்னு சொல்லுவியாம். துடைச்சு முடிச்சதும் தட்டு குடுப்பியாம். வீட்ல வந்து, அப்பா எனக்கு வேலை கிடைச்சிருக்குன்னு சொன்னா."

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தவள் நான். அப்படி எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அவன் மகளும் அதில் ஒருத்தி என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவன் இத்தனை வருடம் அதை மறக்காமல் வைத்திருந்திருக்கிறான், ஒரு வார்த்தை சொல்லாமல். நான் திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டேன். அவன் என் கால் டாலரைத் திருப்பிக் கொடுத்தான். கிண்ணத்திலேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். போன மார்ச்சில் எஸ்டிலின் மிச்ச நுரையீரலும் மக்கர் பண்ணியது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், சக்கர நாற்காலி. வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே ஐந்து படி. அந்த ஐந்து படியால் இரண்டு மாதமாக அவன் மிஷின் பக்கமே போகவில்லை. பிரதர் லோனி ஆட்களோடு போய், சாய்தளம் கட்டித் தருகிறோம் என்றார். எஸ்டில் சொன்ன பதிலை என்னிடம் வந்து சொன்னார்: "என்னை விட மோசமா இருக்கவங்களுக்குச் செய்யுங்க."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கொட்டகைச் சாவியை வாங்கிக்கொண்டு, கார்லண்டின் பேரன்களை விட்டு அந்தச் சிவப்பு மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றி, அவன் வரவேற்பறைக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினேன். பிளக்கைச் சொருகினேன். காபி டப்பாப் பாதை அப்படியே இருந்தது. கிண்ணத்திலிருந்து என் காசை எடுத்துப் போட்டேன். பாட்டில் விழுந்தது. காசு டங்கென்று திரும்பி வந்தது.

"எடு," என்றேன்.

"எதுக்கு?"

"பின்னால வர்றவருக்கு விட்டுடவும்னு நீதானே எழுதின. ஊர் பூரா பின்னால வந்து குடிச்சாச்சு. நீ மட்டும் கடைசி வரைக்கும் கதவுகிட்டயே நின்னு வேடிக்கை பாப்பியா?"

ஒரு நிமிடம் அல்ல, நிறைய நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு நடுங்கும் விரலால் கிண்ணத்திலிருந்து காசை எடுத்து, மூன்றாவது முயற்சியில் துளைக்குள் போட்டான். பாட்டில் விழுந்தது. அவன் அதை எடுக்காமல் என்னைப் பார்த்தான்.

"கட்டட்டும். ஆனா என் வீட்டுச் சுவர்ல ஒரு துளை போடக் கூடாது."

"போட மாட்டாங்க."

"படியை உடைக்கக் கூடாது. முழுசா கழட்டணும். ஒரு ஆணி தொலையக் கூடாது."

"ரொட்டிப் பை நான் கொண்டு வரேன்."

இரண்டு சனிக்கிழமையில் வேலை முடிந்தது. சாய்தளம் தன் சொந்தக் காலில் நிற்கிறது, வீட்டை எங்கேயும் துளைக்கவில்லை. ஐந்து படிகளும் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கின்றன. அவற்றின் ஆணிகள் ஒரு பையில் கதவுக்கு உள்பக்கம் தொங்குகின்றன. அவன் கை நடுங்குவதால், எது எந்தப் படியினுடையது என்று அவன் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்.

இன்று காலை காபி போடும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எஸ்டில் தானாகவே சாய்தளத்தில் இறங்கி வந்தான், மெதுவாக, எப்போதும் போல. கொட்டகை வாசலில் சின்சினாட்டிக்காரன் ஒருவன் ஒரு நீல மிஷினை வைத்துக்கொண்டு காத்திருந்தான். எஸ்டில் அவனை வரவேற்கவில்லை, மிஷினையும் பார்க்கவில்லை. முதலில் என் ஜன்னல் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினான்.